ரசமட்டத்துக்கு ஒரு கடிதம்

கோவை
வெள்ளிக்கிழமை இரவு

மாப்ள ரசமட்டம்,

நலம்தானே? அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி? இப்பவும் சாரத்தில் ஏறுகிறாரா, இல்லை கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அங்கிருந்தே திட்டுகிறாரா?

வாய்ஸ் நோட் அனுப்பினால் நீ கலவை மிஷின் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு "ஒண்ணும் வெளங்கல, அப்புறம் பேசுறேன்" என்பாய். அந்த அப்புறம், சனிக்கிழமை பட்டுவாடா, ஞாயிற்றுக்கிழமை கறி என்று அடுத்த மாதம் வரை போகும். அதனால் காகிதம். டீக்கடையில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் நீ கேட்டது. கான்கிரீட் போட்ட பிறகு அடியில் தாங்குகிற முட்டை எத்தனை நாளில் பிரிக்கலாம் என்ற கணக்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வது இது: தளத்துக்கு ஸ்பேன், அதாவது இரண்டு தாங்கலுக்கு நடுவில் உள்ள தூரம், 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேலே போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. ஆனால் அது சாதா சிமெண்டுக்குச் சொன்ன கணக்கு. நீ வாங்குவது பி.பி.சி., சாம்பல் கலந்த சிமெண்ட்; மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், கூட நாள் விடு. அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் நச்சரிப்பார். காதில் வாங்காதே.

போன தடவை நீ கேட்ட இன்னொன்றுக்கு நான் மழுப்பிவிட்டேன். "பன்னெண்டு வருஷம் சைட்ல நின்னவன், இனிமே காலேஜ்ல போயி என்னத்தடா கத்துக்கப்போற?" உண்மையைச் சொன்னால், படிக்கிற ஆசையில் நான் சேரவில்லை. பிளானிங் இன்ஜினியர் வேலைக்கு மூன்று இடத்தில் இன்டர்வியூ போனேன். மூன்று இடத்திலும் எம்.இ. முடித்த பையனை எடுத்துக்கொண்டார்கள். அந்த ரோஷத்தில்தான் சீட்டா எழுதினேன். எம்.இ. நுழைவுத் தேர்வுக்கு இப்போது அதுதான் பெயர், கேட்டால் சிறுத்தை மாதிரி இருக்கும், என் ஓட்டத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. உன் தங்கச்சிதான் "ரெண்டு வருஷம்தானே, என் சம்பளத்துல ஓட்டிக்கலாம், போயிட்டு வாங்க" என்றாள். இப்போது கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்டில் இரண்டாவது செமஸ்டர்.

வகுப்பில் 16 பேர். என்னைத் தவிர எல்லாருக்கும் 22, 23 வயது. அண்ணா என்கிறார்கள். ஒரு பெண் முதல் நாள் என்னைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்று எழுந்தே நின்றுவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ரெவிட் என்ற டிராயிங் சாஃப்ட்வேரில் ஒரு ராத்திரியில் நாலு மாடி எழுப்பிவிடுகிறார்கள். கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக் எதற்கு, எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள். கான்கிரீட் போடுகிற அன்று பாண்டுச் சட்டியோடு கம்பி மேல் நடக்கிறவர் காலில் பட்டு அது நழுவி ஓடும், பின்னாடியே ஒருவர் குனிந்து திரும்பச் சொருகிக்கொண்டே வரவேண்டும் என்பது மட்டும் தெரியாது. நான் அதைச் சொல்வேன். அவர்கள் எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லித் தருவார்கள். இப்படித்தான் ஓடுகிறது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். பிளானிங் வகுப்பில், நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு வேலைக்கு, எதற்குப் பின் எது என்று காட்டுகிற நெட்வொர்க் போட்டு வாருங்கள் என்றார் பேராசிரியர். கிரிட்டிக்கல் பாத் முறை. 1957-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கெமிக்கல் கம்பெனியில் மார்கன் வாக்கர் என்பவரும், ரெமிங்டன் ராண்டில் இருந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து கண்டுபிடித்தது. அடுத்த வருஷமே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணை வேலைக்கு இதன் தம்பி மாதிரி பெர்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பையன்கள் எல்லாம் மெட்ரோ, மேம்பாலம் என்று எடுத்தார்கள். நான் எடுத்தது அப்பா கட்டின வாத்தியார் வீடு.

ஞாபகம் இருக்கிறதா? 2009, டிப்ளமோ முடித்துவிட்டு, பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேருகிற லேட்டரல் கவுன்சலிங்குக்காக நான் காத்திருந்த நேரம். அப்பா என்னை நிமிந்தாள் கூலிக்குச் சேர்த்துக்கொண்டார். நீ அவர் பையில் இருந்து ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கல்லுக்குக் கல் வைத்துப் பார்ப்பாய். அதற்கே இந்தப் பெயர் உனக்கு ஒட்டியது.

பேஸ்மட்டம் முடிய 24 நாள். அதே நேரத்தில் ஆசாரி தலைவாசல் நிலை செய்ய 15 நாள். அப்படியென்றால் ஆசாரிக்கு 9 நாள் கையில் மிச்சம். அதைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். ஒரு வேலை எத்தனை நாள் தள்ளிப்போனாலும் வீடு முடிகிற தேதி அசையாதோ அத்தனை நாள். அப்பா இதை "கையிருப்பு நாள்" என்பார். ஆசாரியிடம் அவர் "இன்னும் நாள் இருக்கு" என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. ஆசாரி அந்த 9 நாளையும் தின்றுவிட்டு, வேறு ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டில் செய்யப் போய், மேலே 4 நாள் இழுத்தார். ப்ரைமவேரா என்ற பிளானிங் சாஃப்ட்வேரில் போட்டேன். வீடு 4 நாள் தாமதம் என்றது.

நாலு நாளா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனிக் கடைசி முகூர்த்தம் போயே போய்விட்டது, அப்புறம் ஆடி. வாத்தியார் சம்சாரம் "ஆடியில நிலை வைக்க விட மாட்டேன்" என்று மண் மேட்டில் நின்று சொன்னது மறக்குமா? ஆவணி முதல் முகூர்த்தம் வரை தலைவாசல் இல்லை, தலைவாசல் வைக்காமல் சுவர் எழுப்பக் கூடாது.

சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் காலண்டர் கொடுக்கலாம். ஞாயிறு விடுமுறை, பண்டிகை விடுமுறை எல்லாம் அதில்தான் போடுவது. நான் "நிலை வைத்தல்" என்ற ஒரே ஒரு வேலைக்கு, முகூர்த்த நாள் மட்டும் வேலை நாள், மற்றதெல்லாம் லீவு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு காலண்டர் ஏற்றினேன். பட்டனைத் தட்டினேன். 4 நாள் 38 நாளாகி, எது தள்ளினால் வீடே தள்ளும் என்று காட்டுகிற சிவப்புக் கோடு அப்படியே "நிலை வைத்தல்" மேல் போய் நின்றது. வகுப்பே கைதட்டியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "போலாரிஸ்காரனுக்கு ஆடி மாசம் இல்லப்பா" என்றார்.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அந்த 38 நாளும் அப்பா ஒரு ஆளைக்கூடச் சும்மா உட்காரவைக்கவில்லை. சம்ப்பு, செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர் என்று கடைசியில் செய்யவேண்டியதை எல்லாம் முன்னாடி இழுத்துவிட்டார். புத்தகத்தில் அதற்கு ரிசோர்ஸ் லெவலிங் என்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அப்பா அதை வெற்றிலை போட்டுக்கொண்டே செய்தார். ஒரே ஒரு இடத்தில் அவரும் சறுக்கினார், இப்போதுதான் அது எனக்குத் தெரிகிறது. பேங்க் லோன் கட்டம் கட்டமாகத்தான் வரும்: பேஸ்மட்டத்துக்கு இவ்வளவு, லிண்டல் மட்டத்துக்கு இவ்வளவு, தளத்துக்கு இவ்வளவு என்று. சம்ப்புக்கும் காம்பவுண்டுக்கும் பேங்க்காரன் காசு தரமாட்டான். கையில் இருந்த பணம் மண்ணுக்குள் போய், தீபாவளிக்கு ஆட்களுக்கு முன்பணம் கொடுக்க அப்பா அம்மாவின் வளையலை வைத்தார் என்று நீ சொன்னாய் அல்லவா? அது ஆசாரி செய்த குற்றம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். பாதிதான் ஆசாரி. நாளுக்கு ஒரு சார்ட்டும் பணத்துக்கு ஒரு சார்ட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டை ஆடி பிறக்கும்போதே தெரிந்திருக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன், எனக்குத் திட்டு விழட்டும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில், கான்கிரீட் கட்டியை உடைத்துப் பலம் பார்க்கிற கியூப் ரிசல்ட் வைத்துக் கணக்கு. 150 மில்லிமீட்டர் கியூப், மூன்று சேர்ந்தால் ஒரு சாம்பிள், 28-ஆம் நாள் உடைப்பது, நீயும் செய்ததுதான். எம்25-க்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கவேண்டிய கான்கிரீட்டுக்கு, ஐ.எஸ். 456 திட்ட விலக்கம் (சராசரியில் இருந்து ரிசல்ட் சிதறுகிற அளவு) 4 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதாவது ஒரே மிக்ஸ், ஒரே ஆள், ஒரே மிஷின் என்றாலும் ஒரு சாம்பிள் 28 வரும், இன்னொன்று 35 வரும். கான்கிரீட்டின் குணமே அது. மிக்ஸ் டிசைனில் குறிவைக்கிற சராசரி 25-உடன் 1.65 பெருக்கல் 4, ஆக 31.6. பேராசிரியர் போர்டில் இதை எழுதிவிட்டு, "எங்கேயாவது ரிஜிஸ்டர்ல எல்லாமே ஒரே மாதிரி நம்பர் பார்த்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க" என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

நான் போகவில்லை. என் மூன்றாவது கம்பெனி சைட்டின் ரிஜிஸ்டர் கண் முன்னால் வந்து நின்றது. 31.4, 31.6, 31.5, 31.7, 31.5. பக்கம் பக்கமாக அப்படித்தான். நான் அதைப் பார்த்து "நம்ம பேட்சிங் சூப்பர்" என்று பெருமைப்பட்டிருக்கிறேன் மாப்ள. ஒவ்வொரு பக்கத்துக் கீழும் என் கையெழுத்து. யாரோ ஒரு பையன் லேபில் உட்கார்ந்து, கியூபை உடைக்காமலே, 31.6-ஐச் சுற்றி எழுதித் தள்ளியிருக்கிறான். அந்தக் கட்டடம் நன்றாகவே நிற்கிறது. கான்கிரீட் நல்லதாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்தது போலக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 2014 ஜூன் 28 சாயங்காலம் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அந்த 11 மாடி விழுந்தபோது நீ எனக்குப் போன் பண்ணி "நீ அங்க இல்லல்ல?" என்று மூன்று தடவை கேட்டாய். 61 பேர் போய்விட்டார்கள், பாதிக்கு மேல் ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவர்கள். அந்த வாரம் முழுக்க நான் பெரிய யோக்கியன் மாதிரி எல்லாரையும் திட்டிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருஷம்தான் அந்த ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பு நடந்த அன்று ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை.

கான்ட்ராக்ட் லா வகுப்பும் இதே மாதிரி ஒரு குத்து குத்தியது, ஆனால் அதில் நஷ்டம் பணம்தான். ஒரு சைட்டில் இரண்டாம் தளத்துக்கு மாற்றின டிராயிங்கை ஓனர் தரப்பு 26 நாள் கழித்துத்தான் கொடுத்தது. கடைசியில் வேலை தாமதம் என்று நம் பில்லில் அபராதம் பிடித்தார்கள். 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதின அபராதத் தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமானதைத்தான் கொடுக்கவேண்டும் என்கிறது. சண்டை போட இடம் இருந்தது. ஆனால் டிராயிங் வரவில்லை என்று நாங்கள் அன்றைக்கு ஒரு லெட்டர் எழுதவில்லை. சைட் டைரியை எடுத்துப் பார்த்தார்கள். அந்த 26 நாளும் என் கையெழுத்தில் ஒரே வரி: "வேலை நடந்தது." ஒரு நாள் மட்டும் "மழை."

இப்போது உன்னிடம் ஒரு உதவி. அடுத்த வருஷம் பிராஜெக்ட் செய்யவேண்டும். எந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று ஐ.எஸ். 7272-இல் கணக்கு இருக்கிறது. அது அந்தக் காலத்துக் கணக்கு. நம் ஊரில், நம் வெயிலில், நம் கொத்தனார் ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு கட்டுகிறார் என்று பார்க்க எனக்கு ஆசை. அதற்கு அப்பாவின் சிட்டை நோட்டுகள் வேண்டும். பரணில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பாரே, அதுதான். ஒரு பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்: "கொ 2, சி 3, 9 இஞ்ச், 1,050 கல், மூணு மணிக்கு மழை, பாதிக் கூலி கொடுத்தது." கொ என்றால் கொத்தனார், சி என்றால் சித்தாள். ஒரு நாளுக்கு ஒரு வரி, முப்பது வருஷம். என் டைரியில் இல்லாதது எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பார்சலில் அனுப்பாதே, தொலைந்துவிடும். ஆயுத பூஜை லீவுக்கு நானே சிங்காநல்லூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வருகிறேன். இரண்டு நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் படிக்கப் படிக்க நான் லேப்டாப்பில் ஏற்றிக்கொள்கிறேன். அவர் எழுத்து எனக்குப் புரியாது, சுருக்கெழுத்து அதைவிடப் புரியாது. சில நாட்களுக்கு எதிரே பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருப்பார், கவனித்திருக்கிறாயா? சம்பளக் கணக்கு என்றால் வாரத்துக்கு ஒன்று வரவேண்டும், அப்படியும் வரவில்லை. வாத்தியார் வீட்டு ஆடி மாசத்தில் மட்டும் ஏழெட்டு வட்டம் இருந்தது. கேட்டு வை.

உன்
பங்காளி