இரண்டு வண்டி வாங்கப் போகும் மகளுக்கு

நாமக்கல்

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

மாப்பிள்ளை தமக்கு ஹிமாலயன் 450 எடுக்கப் போவதாகவும், இப்போது அவர் ஓட்டும் கேடிஎம் 390 உனக்கு வரப் போவதாகவும் அம்மா சொன்னாள். பட்டறையிலேயே தலை நரைத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலையே, என் மகள் கியர் வண்டி ஓட்டப் போகிறாள் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த 390-ஐ நீ வாங்கிக்கொள்ள வேண்டாம். அதன் இன்ஜின் 373 சிசி, ஏறக்குறைய 43 குதிரைத்திறன். நம் வீட்டு ஸ்பிளெண்டரைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். புதிதாக ஓட்டுபவரின் கை, வண்டி பள்ளத்தில் குலுங்கும்போது தன்னையறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும். சின்ன வண்டியானால் வெறும் இரைச்சலோடு முடிந்துவிடும். அந்த வண்டியோ முன்னால் போகும் காரில் கொண்டுபோய் மோதிவிடும். மாப்பிள்ளையிடம் அது அடங்கி ஓடுவது அவருடைய கைப்பழக்கத்தால். அந்தப் பழக்கம் வண்டியோடு சேர்ந்து உனக்கு வராது.

ஷோரூமில் ஹன்டர் 350-ஐக் காட்டி, சீட் உயரம் 790 மில்லிமீட்டர்தான், கால் நன்றாக ஊன்றும் என்பார்கள். ஊன்றுவது உண்மைதான், ஆனால் அதன் எடை 181 கிலோ. யமஹா எஃப்இசட்டின் சீட்டும் அதே 790தான், எடை மட்டும் ஏறக்குறைய 45 கிலோ குறைவு. ஷோரூமின் சமதளத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், இறங்கி வரும் பேருந்துக்கு வழிவிட்டு நிற்கும்போது, தாழ்வான பக்கத்தில் ஊன்ற நீட்டிய கால் தரைக்கு எட்டாமல் வண்டி சாயத் தொடங்கினால், அப்போது தெரியும்.

125 சிசி போதாதா என்று கேட்பாய். ஊருக்குள் பழகப் போதும். ஆனால் 2019 ஏப்ரல் விதி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் போதும் என்று விட்டுவிட்டார்கள். பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது புதியவர்களின் இயல்பு. மணல் கிடக்கும் சாலையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் சுதாரிக்க நேரமிருக்காது. ஆகவே 149 சிசி எஃப்இசட் என்பது என் முடிவு. அது மந்தமான வண்டி என்று யாராவது சொல்வார்கள். அந்த மந்தத்துக்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

நீ எட்டுப் போட்டது கியர் இல்லாத ஸ்கூட்டியில் என்பதை மறந்துவிடாதே. கியர் வண்டியைச் சேர்க்க மறுபடி எல்எல்ஆர் எடுத்து, முப்பது நாள் கழித்து மறுபடி எட்டுப் போட வேண்டும். ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது லைசென்ஸைத்தான்.

மாப்பிள்ளைக்கு நான் யோசனை சொல்வது முறையல்ல. ஹிமாலயன் நல்ல வண்டிதான்; ஓசூரிலிருந்து நெடுஞ்சாலையில் தனியாகப் போகிறவருக்கு அதன் 40 குதிரைத்திறன் சுகமாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதமும் அதற்கு மேல் 40 சதவீதமும் ஜிஎஸ்டி என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், பணம் அவருடையது. ஆனால் உன்னோடு சேர்ந்து ஓட்டுவதற்காக வாங்குகிறார் என்றால் கணக்கு வேறு. உன் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு அவருடைய வண்டி குலுங்காமல் நகர வேண்டும். 450 இன்ஜினின் முழு இழுவை, அது நிமிடத்துக்கு 5500 சுற்றுச் சுற்றும்போதுதான் வருகிறது. அதே ராயல் என்ஃபீல்ட் கம்பெனியின் கிளாசிக் 350 தன்னுடையதை 4000 சுற்றிலேயே கொடுத்துவிடுவதால், மெதுவாகப் போவதில் அதற்குச் சிரமமில்லை.

கல்யாணமானதிலிருந்து ஒரே வண்டியில் போய்வந்தவர்களுக்கு இப்போது எதற்கு இரண்டு என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. பெண்ணுக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருப்பது நல்லது என்றுதான் அவளிடம் சொன்னேன். ஆடிக்கு நீ மட்டும் பேருந்தில் வந்து, ஒரே இரவில் கிளம்பிப் போனதையும் அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வண்டி என்றால் சேர்ந்து போவதற்குத்தானே, கண்ணு? அப்படியானால் நீ முன்னால் போ, அவர் பின்னால் வரட்டும். அவர் முன்னால் போனால், அவரைப் பிடிக்க வேண்டும் என்றே நீ உன் கைக்கு மீறி ஓட்டுவாய்.

அந்த 390 மட்டும் வேண்டாம். அதை விற்றால் எஃப்இசட்டுக்கு உதவும்; குறையும் பணத்தை நான் போடுகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். புக் செய்வதற்கு முன் நானும் வந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். மாப்பிள்ளையும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா