கடல் தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள்

காஸ்பியன் கடலைச் சுற்றியுள்ள ரஷ்யா, கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஈரான், அஜர்பைஜான் அரசுகளுக்கு வணக்கம்.

காஸ்பியன் கடல் வற்றுவதும் பெருகுவதும் வழக்கம்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வது எளிது. ஒருமுறை அப்படித்தான் நடந்தது. 1929 முதல் 1977 வரை சுமார் 3 மீட்டர் இறங்கிய கடல், மறு ஆண்டிலிருந்து ஏறத் தொடங்கி 1995-க்குள் ஏறக்குறைய 2.5 மீட்டர் உயர்ந்தது. அந்த ஏற்றம் தொடங்கிவிட்ட நிலையில்தான், 1980-இல், நீர் ஆவியாவதைத் தடுக்கிறோம் என்று கடல்நீர் பாய்ந்து ஆவியாகும், கிழக்குக் கரையிலுள்ள காரா-போகாஸ்-கோல் விரிகுடாவின் வாயை அணை கட்டி அடைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே விரிகுடா காய்ந்து உப்பு வெளியானது. அந்த உப்பைக் காற்று வாரி இறைத்தது. 1992-இல் அணையை உடைக்க வேண்டியதாயிற்று. அன்று இறங்கும் என்று நம்பி ஏமாந்தார்கள். இன்று ஏறும் என்று நம்பி நீங்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இந்தக் கடலிலிருந்து எந்த ஆறும் வெளியே ஓடுவதில்லை. வந்த நீர் ஆவியாகித்தான் போக வேண்டும். ஆற்று வரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு வோல்கா கொண்டுவருவது. காற்று சூடாகச் சூடாக ஆவியாகும் நீர் கூடுகிறது. வரத்தும் மழையும் அதை ஈடுகட்டவில்லை. 1996-க்குப் பின் இருபது ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் இறங்கியது. நீர்மட்டம் இறங்கியதால் 2023 ஜூனில் கஜகஸ்தானின் கரையோர நகரமான அக்தாவ் நெருக்கடி நிலையே அறிவித்தது. வெப்பம் இப்படியே ஏறினால் நூற்றாண்டின் முடிவுக்குள் 9 முதல் 18 மீட்டர் வரை குறையலாம் என்கிறது 2020-இல் வந்த ஆய்வு. வடபகுதியின் சராசரி ஆழமே 5 மீட்டர்தான்!

அந்த வடபகுதியில்தான் காஸ்பியன் சீல்கள் குளிர்காலப் பனிப்பாளத்தின் மேல் குட்டி போடுகின்றன. வெள்ளை ரோமம் உதிராத குட்டி, நீரில் இறங்காமல் அந்தப் பனி மீதே தாய்ப்பால் குடித்து வளர வேண்டும். பனி மெலிகிறது, அதன் அடியில் உள்ள நீரும் விலகுகிறது. 2008 முதல் அவை அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

காஸ்பியன் கடலின் சூழலைக் காப்பதற்கான தெஹ்ரான் ஒப்பந்தத்தில் 2003-இல் ஐவரும் கையெழுத்திட்டீர்கள். நீர்மட்டத்துக்கென்று அதன் கீழ், ஐவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்று செய்யுங்கள். வோல்கா அணைகளில் எவ்வளவு தேக்குவது, எவ்வளவு விடுவது என்பதை ஐவரும் உட்கார்ந்து பேசுங்கள். எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நாடுகள் நீங்கள். உமிழ்வைக் குறைக்கும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. துறைமுகங்களைத் தூர்வாருவது கப்பலுக்கு உதவும், கடலுக்கு உதவாது. சீல்களுக்கான காப்பிடங்களை இன்றைய கரையை வைத்து மட்டும் வரையாதீர்கள். பத்து ஆண்டில் அது வெறும் தரையாகிவிடலாம். நீர் விலக விலக எல்லையையும் மாற்றி வரையச் சட்டத்தில் இடம் வையுங்கள்.