குண்டு வீசிய ஊருக்கே மேயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் கட்டுரையில் வடக்குப் படையின் கர்னல் ஜான் வைல்டர் ஒரே வரியில் வந்து போய்விட்டார். 'மின்னல் படைப்பிரிவின் தளபதி' என்பதோடு சரி. முப்பது வருடம் பவுண்டரியில் உலை பார்த்தவன் நான். எனக்கு மனசு ஆறவில்லை.

போருக்கு முன் அவரும் பவுண்டரிக்காரர்தான். இந்தியானா மாநிலம் கிரீன்ஸ்பர்க்கில் சொந்தமாக நடத்தினார். 1861இல் போர் மூண்டதும் தன் உலையிலேயே இரண்டு பீரங்கிகளை வார்த்து, ஊர் இளைஞர்களைத் திரட்டினார். 1863இல் தன் படைக்கு ஏழு தோட்டா ஸ்பென்சர் துப்பாக்கி வேண்டும் என்று முடிவு செய்தவர், அரசு தரட்டும் என்று காத்திருக்கவில்லை. சொந்த ஊர் வங்கியில் தன் பொறுப்பில் கடனுக்கு ஏற்பாடு செய்தார். சிப்பாய்கள் ஆளுக்கு 35 டாலர் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது அவர்களுக்கு மாதச் சம்பளம் 13 டாலர்! கடைசியில் அரசே பணத்தைக் கொடுத்துவிட்டது என்றாலும், அந்தக் கையெழுத்துகளை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

கட்டுரையில் விட்டுப்போனது இதற்கு அப்புறம் நடந்ததுதான். 1863 ஆகஸ்ட் 21. தென் படையின் கையில் இருந்த டென்னசியின் சட்டனூகா நகரத்தில் அன்று உபவாச ஜெப நாள். மக்கள் தேவாலயங்களில் இருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரை மேட்டிலிருந்து வைல்டரின் பீரங்கிகள் முழங்கின. படகுத்துறையில் நின்ற நீராவிப் படகுகளையும் குண்டுகள் தாக்கின. அந்தப் பீரங்கிகளை இயக்கிய கேப்டன் எலி லில்லி. பின்னாளில் மருந்துக் கம்பெனி தொடங்கிய அதே லில்லி.

எட்டே வருடத்தில், 1871இல், அதே சட்டனூகா வைல்டரை மேயராகத் தேர்ந்தெடுத்தது.

ஊர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிழக்கு டென்னசியில் வடக்குப் பக்கம் நின்றவர்கள் ஏராளம். 1867 முதல் அந்த மாநிலத்தில் கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் இன்னொரு காரணத்தையும் நான் நம்புகிறேன். படையோடு அந்த மலைகளில் சுற்றியபோதே, இரும்புத் தாதும் நிலக்கரியும் அருகருகே கிடப்பதை பவுண்டரிக்காரரின் கண் பார்த்து வைத்திருந்தது. போர் முடிந்ததும் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். அதே மாநிலத்தின் ராக்வுட் ஊரில் ரோன் இரும்புக் கம்பெனியைத் தொடங்கினார். தென் மாநிலங்களில் கோக் கரியில் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) ஓடிய முதல் இரும்பு ஊதுலைகளில் அங்கிருந்த உலையும் ஒன்று. உலை பற்றவைத்தவனுக்குத் தெரியும், அதைச் சுற்றி எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று.

மேயர் பதவியில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. இரும்புத் தொழில்தான் அவரைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தது. 1917இல் ஃபுளோரிடாவில் இறந்தார். உடலைச் சட்டனூகாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் போரிட்ட சிக்கமாகா களத்தில் 85 அடி கோபுரம் ஒன்று அவர் பெயரோடு நிற்கிறது.

அடுத்த இதழ்களில் ஒன்றில் அவருடைய மேயர் காலத்துக்கும் ராக்வுட் உலைக்கும் நான்கு பக்கமாவது ஒதுக்குங்கள் ஐயா.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்