கருவி பழுதல்ல, ஈரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்றைய டிஜிட்டல் செவிப்புலன் கருவி எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டுவதில்லை. கேட்டல் பரிசோதனையில் எந்தச் சுருதியில் குறை தெரிகிறதோ, அதற்கேற்பவே கூட்டுகிறது. இரண்டு ஒலிவாங்கிகள் உள்ளவை எதிரே பேசுபவரின் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, பின்புற இரைச்சலைத் தணிக்கின்றன. பரிசோதனையின்றி விற்கப்படும், காதில் மாட்டும் மலிவு ஒலிபெருக்கிகளை இவற்றோடு சேர்த்து எண்ணவே கூடாது.

திருகோணமலை போன்ற கடலோர ஊரில் இவற்றுக்கு வியர்வையும் ஈரக்காற்றும்தான் பெரிய எதிரி. காதுக்குப் பின்னால் அணியும் கருவியின் குழாயில் ஒரு நீர்த்துளி தேங்கினாலே ஒலி விட்டுவிட்டு வரும். இரவில் பற்றரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பற்றரிக் கதவு திறந்தபடி கருவியை மட்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பற்றரியையும் உள்ளே போட்டால் அது உலர்ந்து கெட்டுவிடும். தலைமுடி உலர்த்தியால் கருவிக்குச் சூடு காட்டவே வேண்டாம்.

காற்றுப் பட்டால்தான் இயங்கும் துத்தநாகக் காற்றுப் பற்றரி புதிதானால், அதன் வண்ணத் தாளை உரித்ததும் கதவை மூடாமல் ஓரிரு நிமிடம் காற்றுப் பட விடுங்கள். பற்றரியின் அளவைக் குறிக்கும் 312 இலக்கத்துக்குப் பழுப்புத் தாள், 13க்குச் செம்மஞ்சள், 675க்கு நீலம். கடையில் நிறத்தைச் சொன்னாலே போதும்.

கருவி கீச்சிட்டால் பெரும்பாலும் காதின் வடிவத்துக்கு வார்த்த காதச்சு தளர்ந்திருக்கும், அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கும். ஒலியைக் குறைத்துச் சமாளித்தால் பேச்சும் கேட்காமல் போகும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஒலி வரும் வாயிலில் உள்ள குறும்பி வடிகட்டியை மாற்றிப் பாருங்கள். இந்தச் சின்ன வேலை தெரியாமல் நல்ல கருவிகள் அலுமாரியில் முடங்குவது வேதனை. விற்பவர்கள் இவற்றைச் செய்து காட்டிய பின்பே பணம் வாங்க வேண்டும்.

செவிப்புலன் துறை சார்ந்த வாசகர்கள்,
திருகோணமலை