பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் அல்சூரில் உள்ள நம் ஒர்க்‌ஷாப்புக்கு நிறையவே வருகிறார்கள். டெல்லியிலிருந்து என்.ஓ.சி.யோடு வந்த வண்டி, இங்கேயே கை மாறிய வண்டி, எல்லாம் உண்டு. பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள், அதனால்தான் இந்த மடல்.

“ரீகால் இருந்தால் கம்பெனியே சொல்லியிருக்குமே?” என்று கேட்பார்கள். (தயாரிப்புக் கோளாறைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால்.) சொல்லியிருக்கும், முதல் ஓனருக்கு. கடிதம் அவர் வீட்டுக்குப் போயிருக்கும், வண்டி அதற்குள் மூன்று கை தாண்டியிருக்கும். ரீகால் வேலை பாக்கி இருந்தால், இன்று வண்டி யார் பேரில் இருந்தாலும் பொதுவாக கம்பெனியே இலவசமாகச் செய்து தரும். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் நம்பரை டீலரிடம் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள்.

முதலில் ஏர்பேக். டகாட்டா என்ற ஜப்பானிய கம்பெனி தயாரித்த பல இன்ஃப்ளேட்டர்களில், அதாவது ஏர்பேக் பையை ஊதவைக்கும் கருவிகளில், அம்மோனியம் நைட்ரேட் வெடிமருந்து இருந்தது. வருடக்கணக்கில் சூடும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போய், விபத்தில் அளவுக்கு மீறி வெடிக்கும். உலோகக் கூடு சிதறி, சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் இப்படித் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்தக் கம்பெனியே திவாலானது. மும்பையிலோ சென்னையிலோ பல வருடம் ஓடிய வண்டி என்றால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

அப்புறம், ஊரறிந்த கோளாறுகள். ரீகாலில் சேராததால் செலவு உங்கள் தலையில். போர்ஷே பாக்ஸ்டரிலும் சாதாரண 911இலும் 1990களின் இறுதியிலிருந்து 2008 வரை வந்த இன்ஜின்களில் இடைத்தண்டைத் தாங்கும் ஐ.எம்.எஸ். பேரிங் ஒன்று உண்டு. அது உடைந்தால் கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) தவறி, வால்வு பிஸ்டனில் இடிக்கும். இன்ஜினே போய்விடும். டர்போ, ஜிடி3 மாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. “நிறுத்தியே வைத்திருந்தேன் சார், ஓட்டவே இல்லை” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் எங்களுக்குச் சந்தேகம்தான் வரும். ஓடாமல் கிடந்த வண்டியில்தான் இந்த பேரிங்குக்கு ஆபத்து அதிகம். ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்போம். மின்னும் உலோகத் துகள் இருந்தால் அந்த வண்டி வேண்டாம் என்றுதான் சொல்வோம். 2005 வரை வந்த பெரும்பாலானவற்றில் கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடலாம், எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கத்தானே போகிறது.

நிசான் 370இசட் வாங்குபவர்கள் கிளட்ச் பெடலை அழுத்திப் பாருங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வர மறுத்தால் உள்ளே கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள்.

வண்டியைக் காட்ட வருகிறீர்களா? காலையில் வாருங்கள். விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜினில் வரும் சத்தம்தான் எங்களுக்கு வேண்டும். ஆர்.சி.யும் பழைய சர்வீஸ் பில்களும் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அல்சூர் ஒர்க்‌ஷாப், பெங்களூரு