நர்சரித் தொட்டியில் மீன் விடப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நர்சரி நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். செடிக்குத் தண்ணீர் எடுக்கும் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உரச் செலவே இருக்காது என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். முதல் பாதியை நம்புங்கள். இரண்டாம் பாதிக்காகத்தான் இந்த மடல்.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தொட்டிச் சுவரில் வழுவழுப்பாகப் படியும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னவை இரண்டும் மீனுக்கு நஞ்சு, கடைசியில் வருவது செடிக்குச் சாப்பாடு. ஆனால் அரைவயிற்றுச் சாப்பாடு. சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இரும்பும் அதில் குறைவு. குழித்தட்டு நாற்றுகள் அதில் தளதளவென்று வரும். பூந்தொட்டி ரோஜாவிலோ ஒருநாள் இளந்தளிரின் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளுத்து மஞ்சளாகும். அப்போது உர மூட்டையைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் லாபம் எங்கே? மீன் வளர்ப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தலைவலியே தண்ணீர் மாற்றுவதுதான். நமக்கோ தண்ணீர் எடுப்பதுதான் அன்றாட வேலை. 5,000 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 1,000 லிட்டர் எடுத்து, அதே அளவு புதுநீர் விட்டால், அவர் முதுகொடியச் செய்வது நமக்குச் செடி நனைக்கும்போதே நடந்துவிடுகிறது. ஐந்தே நாளில் தண்ணீர் முழுக்க மாறிவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். புதுநீரும் பழையதோடு கலந்தே வெளியேறுவதால், ஐந்தாம் நாளிலும் பழைய நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளேதான் இருக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் யாரும் செடிக்குத் தண்ணீர் விடுவதில்லை. மீன் மட்டும் வேளை தவறாமல் தின்கிறது. தண்ணீர் அசையாமல் நிற்க, அம்மோனியா ஏறுகிறது. ஆகவே எத்தனை மீன் விடலாம் என்பதைக் கோடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடைமழை வாரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த வாரத்தில் தீனியைப் பாதியாக்குங்கள். ஓரிரு நாள் பட்டினி கிடந்தால் வளர்ந்த மீன் செத்துவிடாது.

இனி என் தவறு. கைத்தெளிப்பானில் சைபர்மெத்ரின் பூச்சிமருந்து அடித்துவிட்டு, கழுவுவதற்காக அதைத் தொட்டியில் ஒருமுறை முக்கி எடுத்தேன். ஒரே ஒரு முறை. அரை மணி நேரத்தில் மோலி மீன்கள் பம்பரம்போல் சுற்றிச் சுற்றி நீந்தின. பொழுது சாய்வதற்குள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. வலையால் அள்ளி அள்ளிப் போட்டபோதும் எண்ண மனம் வரவில்லை. செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மீன் மருந்து செடியைக் கெடுக்கும் எதிர்ப்பக்கமும் உண்டு. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் கை தானாகக் கல்லுப்பைத் தேடும். சிலர் மயில்துத்தம் போடுவார்கள். அந்த நீர் அப்படியே குழாய் வழியே நாற்றுக்குப் போகும். நோயுற்ற மீனுக்குத் தனியாக ஒரு டப் வையுங்கள். அதன் தண்ணீரைச் செடிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தொடக்கத்தில் கப்பி என்ற சின்ன வண்ண மீன் பத்துப் பதினைந்து போதும். நான் சொன்ன நுண்ணுயிர்கள் நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் தங்கமீன், கோய் கெண்டை என்று ஆசைப்பட வேண்டாம், அவை கழிவை அள்ளிக் கொட்டுபவை. குழாய்நீரில் குளோரின் இருந்தால், ஒரு நாள் திறந்த தொட்டியில் ஆறவிட்டுப் பிறகு சேருங்கள். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த நீருக்கு இது பலிக்காது, அதற்குக் குளோரின் முறிப்பான் மருந்து வேண்டும். சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டிவரும். உபரிநீர் ஓடையில் போய்ச் சேருமானால் அது வெளியேறும் வாயில் கண் நெருக்கமான வலை கட்டுங்கள், கப்பிக் குஞ்சு எதிலும் புகுந்து போகும்.

மீன் வாங்குவது அடுத்த மாதம் ஆகட்டும். தெளிப்பான் கழுவும் இடத்தை மட்டும் இன்றைக்கே தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
தொட்டியை ஒருமுறை முழுக்க இறைத்துக் கொட்டிய உங்களில் ஒருவன்