கொள்ளை மலிவும் பகல் கொள்ளையும்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. முதல் பக்கத்தைப் படித்ததுமே இவரைக் கூப்பிட்டு, "அவங்களும் திரும்பி வர்றாங்களாம்!" என்று கத்திவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கேட்டிருந்தாயே, "அங்கே நமக்குக் கட்டுப்படியாகிற மாதிரி வீடு கிடைக்குமாடி?" என்று, அதற்கு ஒரு வரியில் பதில் எழுத வராமல்தான் இத்தனை நாள்.

கிடைக்கும். ஆனால் நாங்கள் தேடிய மாதிரி தேடாதே.

பத்தொன்பது வருஷம் கழித்து இந்த மாநிலத்துக்குத் திரும்பி வந்தபோது என் தலைக்குள் ஒரு வாடகை உட்கார்ந்திருந்தது. நாம் இரண்டு பேரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தபோது மாதம் பிறந்தால் எண்ணிக் கொடுப்போமே, அந்தத் தொகை. விலைவாசி ஏறியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தாராள மனதோடு அதை இரண்டால் பெருக்கி வைத்திருந்தேன். புரோக்கரிடம் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "அம்மா, நீங்க எந்த வருஷத்திலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார்.

இவருக்கு நேரெதிரான வியாதி. கடைசியாக இருந்த நகரத்தில் சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொடுத்துப் பழகிவிட்டார். அதனால் இங்கே எந்த வீட்டைக் காட்டினாலும் "கொள்ளை மலிவு" என்பார். அதே வாசலில் நின்று நான் "பகல் கொள்ளை" என்பேன். புரோக்கர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். நான் பத்தொன்பது வருஷப் பழசை வைத்து அளந்தேன், இவர் வேறொரு மாநிலத்தை வைத்து அளந்தார். இந்த ஊரில் இப்போது எங்களுக்கு என்ன வருமானம் என்பதை வைத்து அளக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அப்புறம் ஒரு நாள் இவர் ஒரு ஆய்வைப் படித்துவிட்டு வந்து சொன்னார். யூரி சைமன்சன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்று இரண்டு பேர் 2006-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஊர் மாறிப் போகிறவர்கள் எவ்வளவு வாடகையில் வீடு பிடிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். வாடகை அதிகமான ஊரிலிருந்து வந்தவர்கள், மலிவான ஊரிலிருந்து வந்தவர்களைவிடக் கூடுதல் வாடகையில் போய் உட்காருகிறார்களாம். அதே ஊருக்குள் அடுத்த வீடு மாறும்போதுதான் அந்த ஊர்க் கணக்குக்கு இறங்கி வருகிறார்களாம். தன்னைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று இவர் முகத்தில் ஒரு பெருமை வேறு!

நீ இருக்கும் ஊரும் வாடகை எகிறிப்போன ஊர்தான். வந்து இறங்கிய முதல் வாரம் எல்லாம் சல்லிசாகத் தெரியும். அந்த வாரத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதே. அங்கே வாங்கும் சம்பளம் உங்களோடு கிளம்பி வரப் போவதில்லை.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. அமெரிக்காவில் 1969-இல் வந்த ஒரு சட்டத்திருத்தம், அரசுக் குடியிருப்பில் இருப்பவர்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்றது. 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். இன்று அந்த எண் எல்லோர் வாயிலும் பொது விதி மாதிரிப் புழங்குகிறது. நிறைய சம்பாதிக்கிறவன் 40 கொடுத்தாலும் மீதியில் வசதியாக இருப்பான். நம் மாதிரி ஆட்கள் 30 கொடுத்துவிட்டு மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முழிப்போம். நீ தலைகீழாகப் போடு. வாடகை தவிர்த்த செலவையெல்லாம் முதலில் எழுது, மிஞ்சுவதுதான் உன் வாடகை. உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன் பார், பரீட்சையில் உன் தாளைப் பார்த்து எழுதியவள்!

அந்தச் செலவில் போக்குவரத்தைச் சேர்க்க மறந்துவிடாதே. அதில்தான் நாங்கள் விழுந்தோம். முதலில் பிடித்த வீடு ஊருக்கு வெளியே, வாடகை குறைவு, காற்று நன்றாக வரும். இவர் வேலைக்குப் போய்வர தினமும் மூன்று மணி நேரம். சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர இரண்டாவது வண்டி. நாலாவது மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், வாடகையில் மிச்சம் பிடித்ததைவிட எரிபொருளுக்குப் போனது அதிகம். அந்த மூன்று மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பது?

இன்னொரு வெட்கக்கேடு. வருவதற்கு முன்பே படம் பார்த்து ஒரு வீட்டுக்கு முன்பணம் அனுப்பினோம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், நிறையப் பேர் கேட்கிறார்களாம், பணம் வந்ததும் சாவி தபாலில் வருமாம். வரவில்லை. பெரிய தொகை இல்லை, இருந்தாலும் வயிறு எரிந்தது. பிறகு அதே படத்தை இணையத்தில் போட்டுத் தேடினால், வேறு ஒரு ஊரில் விற்பனைக்கு இருந்த வீடாம் அது. நீ யாருக்கும் பத்துப் பைசா அனுப்பாதே. நான் இங்கேதான் இருக்கிறேன், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பார்ப்பதில் இப்போது நான் கைதேர்ந்தவள். இப்போதிருக்கும் வீட்டுக்கு முன்னால் ஒன்று பார்த்தோம். மூன்று சுவர் பழைய பெயிண்ட், ஒரு சுவர் மட்டும் புதுசு, அதுவும் இடுப்பு உயரம் வரைக்கும்தான். வீட்டுக்காரர் பேசிக்கொண்டே அந்தச் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் ஜன்னலைத் திறக்க நகர்ந்ததும் கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. நகத்தால் தொட்டதும் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. இன்னொரு வீட்டில் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அங்கேயும் திறந்தேன். சமையலறையில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. பகலில் பார்த்த வீட்டை இருட்டிய பிறகு ஒரு தடவை பார். காலி செய்கிறவர்கள் இருந்தால் ஏன் போகிறீர்கள் என்று கேள். நமக்குச் சொல்வதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கிளம்புவதற்கு முன் இப்போதைய வீட்டுக்காரரிடம், இத்தனை வருஷம் ஒழுங்காக வாடகை கொடுத்தார்கள் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள். இங்கே முதலில் கேட்பது வருமானச் சான்று. வேலை மாறி வருகிற இடைவெளியில் அது நம்மிடம் இருக்காது. இவர் புது வேலை நியமனக் கடிதத்தை வைத்துத்தான் சமாளித்தோம். அரசு உதவி வீட்டுக்கு எழுதிப்போடுவதாக இருந்தால் விதிகளை இப்போதே விசாரித்துவிடு. பல இடங்களில் இத்தனை காலம் தொடர்ந்து அங்கேயே வசித்திருக்க வேண்டும் என்கிறார்கள். நாம் இங்கே பிறந்து வளர்ந்த கதையெல்லாம் அந்தப் படிவத்தில் ஏறாது.

பள்ளி விடுமுறையில் வராதே. ஊரே வீடு மாறுகிற நேரம், வீட்டுக்காரர்கள் இறங்கி வர மாட்டார்கள். முடிந்தால் முதல் ஆறு மாதம் சின்னதாக ஒன்றில் இருந்துகொண்டு தேடுங்கள். பீரோவை மட்டும் விற்றுவிட்டு வா, கெஞ்சிக் கேட்கிறேன். எங்களுடையது மாடிப்படி வளைவில் திரும்பாமல் நாலு பேர் தோளில் அரை மணி நேரம் நின்றது. கடைசியில் கீழ்வீட்டு அம்மா தன் வராந்தாவில் இடம் கொடுத்தார். இப்போது ஒரு புடவை எடுக்க வேண்டுமென்றால் நான் இருபத்திரண்டு படி இறங்குகிறேன்.

நம் பழைய தெருவுக்கும் போனேன். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நீ இருந்த வீடு இருக்கிறது, மேலே இரண்டு மாடி ஏற்றியிருக்கிறார்கள். என்னுடையது இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. வாடகை கேட்டுப் பார்த்தேன், நமக்கு ஆகாது. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷன் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. நீ எழுதியிருந்த தொகைக்குக் கொஞ்சம் மேலே, பேசினால் குறைப்பார்கள் போலிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்கள். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் கட்டில் நீள அகலத்தை உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி